இடப்பக்கம்

நவம்பர் 6, வியாழன்

மதியம் காட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தேன். பொள்ளாச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்றார்கள். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. பழைய பைக், ஈரமான ரோடு, அவசரமும் ஒன்றுமில்லை.

வேலை இதுதான்: வனத்துறையின் புதிய தகவல் மையத்துக்குப் பன்னிரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் நாலுக்கு மூன்றடி. எந்த விலங்கு எப்படிப் பார்க்கிறது, அதன் கண் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று படமும் எழுத்தும். எழுத வேண்டியதை ரேஞ்சர் அய்யா தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார். டிசம்பர் கடைசியில் திறப்பு விழா.

தங்கும் அறையிலிருந்து மையத்துக்கு முந்நூறு அடி தூரம் காட்டுப் பாதை. தனியாக நடக்கக் கூடாதாம். காலையும் மாலையும் வனக்காப்பாளர் பூங்கோதை கூட வருவார். முப்பது வயதிருக்கும், சொந்த ஊர் ஆனைமலை. "அண்ணா, நான் நில்லுங்கன்னா நிக்கோணும். ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார் முதல் வேலையாக.

அறையின் நிலைப்படி குறுகல். இரண்டு முறை தோளை இடித்துக்கொண்டேன். காட்டை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பழகிவிடும்.

நவம்பர் 7, வெள்ளி

முதல் பலகை புள்ளிமான். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முதுகுக்குப் பின்னால் வரை அதற்குத் தெரியும். கண்ணின் பாப்பா படுக்கைவசத்தில் நீண்டிருக்கும். திறந்த புல்வெளியில் எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் தலையைத் தூக்காமலே கண்டுகொள்ளும். ஆனால் சிவப்பும் ஆரஞ்சும் பிடிபடாது. நமக்கு நெருப்பு மாதிரி தெரியும் புலி, மானுக்குக் காய்ந்த பச்சையாகத்தான் தெரியுமாம். எழுதும்போது கை சற்று நின்றது. எதிரியின் நிறமே தெரியாமல் ஒரு வாழ்க்கை.

பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் டின் கவிழ்ந்து அரை லிட்டர் வீண். யாரோ இடது பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 10, திங்கள்

மழை. தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. மனைவி தனபாக்கியத்துடன் பேசினேன்.

"ஏனுங்க, செப்டம்பர்ல கண் முகாம்ல சீட்டுக் குடுத்தாங்களே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி. போனீங்களா இல்லீங்களா?"

"போயிட்டுத்தான் வந்தேன். கண்ணாடி மாத்தணும்னாங்க."

சீட்டு இந்த டைரியின் உறைக்குள்தான் இருக்கிறது. வேலை முடியட்டும்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் மையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். பூங்கோதை, "அண்ணா, நில்லுங்க" என்றார். நான் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க?" என்றேன்.

"பக்கத்துலதானுங்க. எடது கைப் பக்கம்."

தலையைத் திருப்பினேன். பத்தடியில் காட்டெருமை. கறுப்பு மலை மாதிரி உடம்பு, கால்களில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிறம், மூக்கிலிருந்து புகை. அது என்னை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்ததோ. ஒரு நிமிடம் கழித்துப் பெருமூச்சு விட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

"இவ்வளவு பெரிசு உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றார்.

"புதர் மறைச்சிருச்சு."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். புல்தான் இருந்தது, அதுவும் கணுக்கால் உயரம்.

நவம்பர் 15, சனி

ஆந்தைப் பலகை. ஆந்தையின் கண் உருண்டை இல்லை, குழாய் வடிவம். மங்கிய ஒளியைச் சேர்த்து வாங்குவதற்காக அப்படி நீண்டிருக்கிறது. அதனால் கண் அசையாது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டும், முக்கால் வட்டம் வரைகூடத் திருப்புமாம்.

பூங்கோதை டீ கொண்டுவந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் இப்படித்தானுங்கண்ணா. டம்ளரை எடுக்கறதுக்கே தலையை முழுசாத் திருப்பறீங்க" என்று சிரித்தார்.

"என் வேலையைப் பார்க்க விடு அம்மிணி" என்று கத்திவிட்டேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. ஆந்தையின் மஞ்சள் சரியாக வரவில்லை. மூன்று முறை அழித்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சிறுத்தைப் பலகையின் ஓரத்தில், மனிதனுக்கு எவ்வளவு அகலம் தெரியும் என்று ஒப்பிட்டு ஒரு படம் போட வேண்டும். நேராகப் பார்த்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால், ஆட்டும் விரல்கள் இரண்டு பக்கமும் தெரியும் என்று தாளில் இருந்தது. அளவு எடுப்பதற்காக முக்காலியில் உட்கார்ந்து நானே செய்து பார்த்தேன்.

வலது கை ஓரளவு முன்னால் வந்ததும் தெரிந்தது.

இடது கை தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். விரலை ஆட்டிக்கொண்டேதான் இருந்தேன், ஆடுவது கையில் தெரிந்தது. கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் கண்ணுக்கு வந்தது.

அறையில் வெளிச்சம் போதவில்லை. நாளை வெயிலில் பார்க்க வேண்டும்.

நவம்பர் 19, புதன்

நல்ல வெயில். பார்க்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

இருவாச்சி முடித்தேன். அந்தப் பறவைக்குக் கண் இமையில் முடி உண்டு, பெண்கள் மை தீட்டியதுபோல. அதை வரையும்போது மட்டும் மனம் நிம்மதியாக இருந்தது.

மாலையில் அப்பா நினைவு. எண்ணெய் மில் லாரி ஓட்டினார். நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "கண்ணுல புரை. ஆபரேசன் பண்ணுனாச் சரியாப் போயிரும்" என்றார். ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. கடைசி ஆறு வருடம் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை கயிறு கட்டி வைத்திருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு போவார். யாராவது வந்தால் கயிற்றை அவிழ்க்கச் சொல்வார்.

எனக்கு வரும் தை மாதம் ஐம்பது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

யானைக் கூட்டம் மையத்தைச் சுற்றி நிற்பதால் இன்று வேலை இல்லை. அறைக்குள்ளேயே இருந்தேன். கதவைத் தாழிட்டு, பெட்டியையும் அதன் மேல் சாய்த்து வைத்தேன். மத்தியானம் பூங்கோதை கதவைத் தட்டியபோதுகூட நான் தாழை எடுக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

யானைப் பலகை தொடங்கினேன். அவ்வளவு பெரிய உடம்புக்குச் சின்னக் கண். தூரப் பார்வை மங்கல். அடர்ந்த காட்டில் தூரம் தெரிந்தும் பயனில்லை. மோப்பத்தாலும் காதாலும் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. எழுத்துகள் ஒரே நேர்க்கோட்டில் வரவில்லை என்று ரேஞ்சர் அய்யா நாசூக்காகச் சொன்னார். பலகை எழுதும் இந்த இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை.

நவம்பர் 28, வெள்ளி

புதன்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

நாலரை மணிக்குத் தொட்டி வளைவிலிருந்து பூங்கோதை ஓடிவந்தார். ஆனைமலையில் பக்கத்து வீட்டில் விட்டிருந்த அவருடைய மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டதாம். ஜீப் ரேஞ்சருடன் கீழே போயிருந்தது. செக்போஸ்ட் ஆறு கிலோமீட்டர். அங்கே ஐந்தே முக்காலுக்குக் கடைசி பஸ். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

நானேதான் சொன்னேன், "வா அம்மிணி, என் வண்டியில விட்டுடறேன்" என்று.

அவர் உடனே ஏறவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணா, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா?" என்றார். சுற்றி வளைக்காமல் அப்படியே கேட்டார்.

"நல்லாத் தெரியும்" என்றேன்.

ஏறிக்கொண்டார்.

மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன். எதிரே ரோடு. நனைந்து மினுங்கும் சுத்தமான ரோடு. அதில் எதுவும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லாத ரோடு அது. நாலு கிலோமீட்டர் தாண்டியிருப்போம். மூங்கில் வளைவில் பூங்கோதை கத்தினார்.

"அண்ணா, நிறுத்துங்க! எடப்பக்கம்! எடப்பக்கம்!"

நான் நிறுத்தவில்லை. என் ரோட்டில் ஒன்றுமே இல்லையே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம்தான். பிறகு பிரேக்கை முழுக்க அழுத்தினேன். வண்டி வழுக்கியது. இரண்டு பேரும் தார் ரோட்டில் விழுந்து இழுபட்டுப் போனோம். சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது பூங்கோதையின் கை.

எழுந்திருக்கப் பார்த்தேன். "அசையாதீங்க" என்றார், மூச்சுவிடும் சத்தத்தில். "எங்கே?" என்றேன். "தலையைத் திருப்பாதீங்க. ஆனை. குட்டியோட."

திருப்பாவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது. இடப்பக்கம் இருட்டாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமே இல்லை. அங்கிருந்து வயிறு உறுமும் சத்தம் வந்தது, தூரத்து லாரி இன்ஜின் போல. ஈர மண் வாசனையும் சாண வாசனையும். மூங்கில் இலை உதிர்வது கேட்டது. யானைக்குப் பார்வை மங்கல் என்று முந்தின நாள்தான் என் கையால் எழுதியிருக்கிறேன். அது தும்பிக்கையைத் தூக்கி எங்களை மோந்துகொண்டிருக்கிறது என்று பூங்கோதை சொன்னபோது அந்த எழுத்தெல்லாம் ஞாபகம் வந்தது. மங்கலாக இருந்தாலும் அது எங்களைக் கண்டுவிட்டது. நான்தான் அதைக் காணவில்லை.

எலும்பு முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்தான் எனக்கும் சேர்த்துப் பார்த்தார். "காதை விரிக்குது... ரெண்டு எட்டு வந்திருச்சு... குட்டி காலுக்கடியில போயிருச்சு... இருங்க... இருங்க..." தரை அதிர்ந்தது. பிளிறல் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "திரும்பிருச்சு" என்றார். அப்புறமும் கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ரோட்டின் ஓரம் எது, பள்ளம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் நல்ல கையால் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஒடிந்த கை பக்கத்தில் தொங்கியது. வலியில் அவ்வப்போது முனகினார். ஒரு இடத்தில் நின்றார்.

"எத்தனை நாளாத் தெரியறதில்லீங்க?"

"ரெண்டு வருசமா."

"நான் கேட்டேன்ல? ஏறறதுக்கு முன்னாடி கேட்டேன்ல?"

மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"எம் பையனுக்கு அப்பன் இல்லீங்கண்ணா. நான் மட்டுந்தான் இருக்கறேன்."

செக்போஸ்ட் வரை அவர் என் கையை விடவில்லை. பஸ் போயிருந்தது. செக்போஸ்ட் ஆட்கள் ஒரு காய்கறி வண்டியை நிறுத்தி அவரை ஆனைமலைக்கு அனுப்பிவைத்தார்கள். பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மறுநாள் தகவல் வந்தது. அவருக்கு முழங்கை வரை கட்டு.

இந்த டைரியில் பொய் எழுதியிருக்கிறேன். நிலைப்படி குறுகல் இல்லை. டின்னை யாரும் நகர்த்தவில்லை. புதரும் இல்லை.

நவம்பர் 29, சனி

ரேஞ்சர் அய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாலு பலகை பாக்கி இருக்கு. அது இருக்கட்டும். மொதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க" என்றார். காரில் அனுப்பிவைத்தார்.

டிசம்பர் 3, புதன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. தனபாக்கியம் கூட வந்தாள். சீட்டு விஷயத்தில் பொய் சொன்னதை பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். காந்திபுரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன். இடது கண்ணுக்கு வந்தபோது வெளிச்சமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். "மெஷின் ஓடுதுங்களா?" என்றேன். "ஓடுதுங்கய்யா, புள்ளியப் பாருங்க" என்றாள் மெஷினை ஓட்டிய பெண், மிகவும் மெதுவாக. அந்த மெதுவான குரலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. யானைக்கு முன்னால் கிடந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. வலி இருக்காது, ஓரத்திலிருந்து போகும், அதனால் ஆள் உணரமாட்டார். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலதில் பாதிக்கு மேல் இருக்கிறது.

"போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் ராத்திரி சொட்டு மருந்து, ஆயுசுக்கும். வண்டி ஓட்டக் கூடாது. குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க அப்பாவுக்கு" என்றேன். முதல் முறையாக.

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. இருபத்தொண்ணு."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இது வழிவழியா வரலாம்."

டிசம்பர் 5, வெள்ளி

மிருதுளாவிடம் சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

பரீட்சை நேற்றே முடிந்துவிட்டது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 8, திங்கள்

பஸ் பிடித்து ஆனைமலை போனேன். பூங்கோதை வீட்டு வாசலில் ஒரு கையால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். பையன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன் அம்மிணி" என்றேன். வேறு என்னவெல்லாமோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அது மட்டும்தான் வந்தது.

"எனக்குக் கோவம் போகலீங்க" என்றார். "போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்." முக்காலியைத் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்லை. பயந்துக்குவா."

"அதைத்தானுங்க அன்னைக்கும் பண்ணுனீங்க." பாத்திரத்தைக் கவிழ்த்தார். "நான் பயந்துக்குவேன்னு சொல்லாம இருந்திருந்தீங்கன்னாக்கூடச் சரி. நீங்க பயந்துக்கிட்டுத்தான் சொல்லல."

பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பாவும் பயந்துதான் சொல்லாமல் இருந்திருப்பார். சொல்லியிருந்தால் நான் முப்பது வயதிலேயே கண்ணைக் காட்டியிருப்பேன். பூங்கோதையின் கை ஒடிந்திருக்காது.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மிருதுளாவிடம் சொன்னேன். தாத்தாவிலிருந்து ஆரம்பித்தேன். அவள் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். பாதியில் சுற்றுவது நின்றது.

"எனக்கும் வருமாப்பா?"

"தெரியாது. அதுக்குத்தான் பாக்கணும்."

"எப்போ போகலாம்?"

இவ்வளவுதான். அவள் அழவில்லை. நான்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. அதே கிண்ணம். இந்த முறை மிருதுளா உள்ளே, நான் வெளியே பெஞ்சில். கதவு முழுக்கச் சாத்தவில்லை. அவள் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. டிக், டிக். இடையில் சத்தம் நின்றபோதெல்லாம் என் மூச்சும் நின்றது. எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தேழு வரை எண்ணினேன். பிறகு காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். அழுத்தம் சற்றுக் கூடுதல். ஆனால் நரம்பு நன்றாக இருக்கிறது, பார்வை முழுக்க இருக்கிறது. வருடம் ஒருமுறை கட்டாயம் காட்ட வேண்டும். ஏதாவது தொடங்கினால் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம் என்றார். "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். என்னைப் பாராட்டுவதுபோல் இருந்தது. பாராட்டு யாருக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மீதி நாலு பலகைக்கு எழுத்து வேலையை வேறு ஆள் செய்யட்டும், படம் மட்டும் நான் போடுகிறேன் என்று ரேஞ்சர் அய்யாவுக்குப் போன் செய்தேன். பகலில் மட்டும், பஸ்ஸில் வந்துபோகிறேன் என்றும் சொன்னேன். சரி என்றார்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். மத்தியான வெயில், இரண்டு பக்கமும் வண்டிகள். வழக்கமாக நான்தான் "வா" என்று முன்னால் இறங்குவேன். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அவர்களைத் திட்டுவேன். இன்று ஓரத்திலேயே நின்றுவிட்டேன். ரோட்டின் அந்தப் பக்கம் ரொம்ப தூரமாகத் தெரிந்தது.

"மிருது, எனக்கு எடப்பக்கம் தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். "இப்ப வாங்கப்பா" என்றாள். இறங்கினோம்.

பாதி ரோட்டில் "நில்லுங்க" என்றாள். என் கண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை, காலி ரோடுதான் தெரிந்தது.

நின்றேன்.